இரண்டு வாரம் தாண்டிய இருமல்: கொரோனாவுக்குப் பிறகு நம் வேலூர்ப் பக்கம் நெஞ்சுச்சளி ஏன் விடமாட்டேன் என்கிறது?

குடியாத்தம் மெடிக்கல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கொரோனாவுக்கு முன்பும் இதே கடைதான், இதே தெருதான். என் கண்ணில் பட்ட மாற்றத்தைச் சொல்கிறேன். உங்கள் பக்கம் எப்படி என்று நீங்கள் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் இருமலுக்கு ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் இருக்கும். தை முடிந்தால் குறைந்துவிடும். இப்போது சித்திரை வெயிலிலும் வருகிறார்கள். ஒருமுறை வந்தவரே அதே மாதத்தில் மறுபடி வருகிறார். கேட்கிற விதமும் மாறிவிட்டது. "இருமலுக்கு ஏதாவது கொடுங்க" என்ற பேச்சே இல்லை. "அசித்ரோமைசின் 500, ஒரு அட்டை" என்று ஆன்டிபயாடிக்கின் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கொரோனா சமயத்தில் வாட்ஸாப்பில் சுற்றிய மருந்துச்சீட்டுப் படம் இன்னும் பலர் போனில் இருக்கிறது. வீட்டுக்கே நெபுலைசர் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. 2019இல் இதெல்லாம் நான் பார்த்ததில்லை.

நுரையீரல் தொற்று உண்மையாகவே கூடியிருக்கிறதா? இல்லை, பயம் கூடி, சாதாரணச் சளிக்கும் மருந்து தேடுகிறோமா? கடையில் நின்று பார்க்கிற எனக்கு இதில் பதில் கிடைக்கவில்லை. வருகிறவருக்கு என்ன நோய் என்றே எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

காட்பாடி ஜங்ஷன்

கூடியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவில் ஐம்பது வயது தாண்டிய பாதிப் பேருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எல்லாம் அந்தத் தடுப்பூசி போட்ட பிறகுதான். ஊசிக்கு முன்பு நன்றாக இருந்தவர்கள் இவர்கள். யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

---

நெஞ்சகப் பிரிவு

அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் காட்பாடி சார் சொன்னது. நம் ஊர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையிலேயே இதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது, 2024இல் வெளியானது. கொரோனா வந்து தேறியவர்கள் 207 பேரை மூச்சுப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். அதில் 44 சதவீதம் பேருக்கு, உள்ளே போகும் காற்றிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்கு மாறும் திறன் குறைந்திருந்தது. 35 சதவீதம் பேருக்கு நுரையீரல் முழுதாக விரியவில்லை. ஐரோப்பாவிலும் சீனாவிலும் வந்த கணக்குகளைவிட இங்கே பாதிப்பு அதிகம். முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள்: இவர்கள் முதல் அலையில் நோய் வந்தவர்கள். இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16. அதாவது ஊசி வருவதற்கு முன்பே இந்தச் சேதம் நடந்துவிட்டது. செய்தது வைரஸ். மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், தெருவில் எல்லோருக்கும் 44 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று உங்கள் தெருக்காரர்கள் சொல்வதைக் கற்பனை என்று தள்ளவும் கூடாது.

இனி மருந்துக்கடைக்காரர் கேட்டது. "நுரையீரல் தொற்று" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே நோய் அல்ல. என் புறநோயாளிப் பிரிவில் ஒரே காலைப்பொழுதில், ஒரே இருமலோடு வந்து உட்காருகிறவர்களில் குறைந்தது மூன்று வகையினர் இருக்கிறார்கள்.

கொரோனாவில் நுரையீரலில் தழும்பு விழுந்தவர்கள் ஒரு வகை. தழும்பு விழுந்த இடத்தில் சளி தேங்கும், அடுத்த கிருமி எளிதாக உட்காரும். அப்போது கொடுத்த ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறியவர்களும் இதில் உண்டு. 2021இல் கருப்புப் பூஞ்சை வந்தது நினைவிருக்கும். நாடு முழுக்க 45 ஆயிரம் பேருக்கு மேல். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, அளவில்லாத ஸ்டீராய்டு இரண்டும் அதற்குப் பெரிய காரணம்.

இரண்டாவது வகை, திரும்பி வந்த பழைய வைரஸ்கள். முகக்கவசம், ஊரடங்கு இருந்த காலத்தில் ஃபுளூ கிட்டத்தட்டக் காணாமல் போனது. அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகள் பலரின் உடம்பு, சின்னக் குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி தரும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்களைச் சந்திக்கவே இல்லை. கதவு திறந்ததும் எல்லாம் சேர்ந்து வந்தது. 2023 தொடக்கத்தில் எச்3என்2 என்ற ஃபுளூ இந்தியா முழுக்க இருமலைக் கிளப்பியது, அந்த இருமல் வாரக்கணக்கில் நீண்டது. பருவம் தப்பி வருகிறது என்று கடைக்காரர் சொன்னதில் ஓரளவு உண்மை இதனால்தான்.

மூன்றாவது காசநோய். என் கவலை முழுக்க இதில்தான். இதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன், வார்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

---

காட்பாடி ஜங்ஷன்

சரி டாக்டர், தேதிக் கணக்கு சரியாக இருக்கிறது. அப்படியென்றால் இன்னொன்று கேட்கிறேன். முதல் அலையில் நோய் வந்தவர்களுக்கு இந்த மூச்சுப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்திருக்க வேண்டாமா? டிஸ்சார்ஜ் செய்து அனுப்பியதோடு சரி. அதற்குப் பிறகு எப்படி இருக்கிறாய் என்று எங்கள் தெருவில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. மக்கள் ஊசி மேல் பழி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கேட்க ஆளில்லாதபோது ஏதோ ஒன்றைக் காரணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

---

வாலாஜா வாத்தியார்

காட்பாடி சார் கடைசியில் சொன்னது முக்கியம். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒரு செய்தி.

1918 ஃபுளூவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். அப்போது இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் வைரஸால் நேராகச் சாகவில்லை, அது புண்ணாக்கிய நுரையீரலில் பின்னால் வந்து புகுந்த பாக்டீரியா நிமோனியாவால் செத்தார்கள் என்று தெரிந்தது. பெருந்தொற்று என்பது முதல் கிருமியோடு முடிவதில்லை. நூறு வருடத்துக்கு முன்பே உடம்பு இதைக் காட்டிவிட்டது. அப்போது பென்சிலினும் இல்லை, எக்ஸ்ரே வசதி ஊருக்கு ஊர் இல்லை. இன்று இரண்டும் இருந்தும் இருமல்காரரை நாம் மருந்துக்கடைக்கும் வீட்டுக்கும் அலையவிடுகிறோம்.

---

பேரணாம்பட்டு மகள்

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர். சின்ன வயதிலிருந்தே மடியில் முறம், முறத்தில் தூள், அதே அறையில் சமையல், அதே அறையில் தூக்கம். 2021இல் அவருக்குக் கொரோனா வந்து ஆக்சிஜன் வைத்து மீண்டார். அடுத்த வருடம் இருமல் ஆரம்பித்தது. பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக். "கொரோனா வந்த நுரையீரல், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ஊசி, டானிக், மாத்திரை. குறைவது போல இருக்கும், மறுபடி வரும். மறுபடி அதே கிளினிக். மாதங்கள் ஓடிவிட்டன. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்துப் போனதை நாங்கள் வயது என்று நினைத்தோம். யாரும் சளியை எடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனோம், எடுத்தார்கள், டி.பி. என்று வந்தது.

அந்தச் சீட்டையெல்லாம் வைத்திருக்கிறேன். அதில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பலமுறை எழுதியிருக்கிறது. அந்த மருந்துக்கும் டி.பி. தெரியாமல் போனதற்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா இப்போது தேறிவிட்டார். ஆனால் முன்பு சுற்றிய அளவுக்குப் பீடி சுற்ற முடிவதில்லை. கூலி பாதியாகிவிட்டது.

---

நெஞ்சகப் பிரிவு

அம்மா தேறியது நல்ல செய்தி. உங்கள் கேள்விக்கு: உண்டு. லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் மருந்து. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு நாங்கள் வைத்திருக்கும் ஆயுதங்களில் அதுவும் ஒன்று. சளி சோதிக்காமல் அதை ஒரு வாரம், பத்து நாள் கொடுத்தால் இருமல் குறைந்த மாதிரி தெரியும், பரிசோதனையிலும் கிருமி பிடிபடாமல் போகலாம். நோய் உள்ளே வளரும். அந்த மருந்துக்கே எதிர்ப்பும் வளரலாம். அதனால்தான் காசநோய் இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் அதைத் தொடாதீர்கள் என்று பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். "கொரோனா வந்த நுரையீரல்" என்ற ஒரே வாக்கியம் எத்தனை பேருடைய காசநோயை மறைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இப்போது நான் பாதியில் விட்டதை முடிக்கிறேன். 2019இல் இந்தியாவில் காசநோயாளிகள் என்று பதிவானவர்கள் சுமார் 24 லட்சம். 2020இல் அது 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. பஸ் இல்லை, வெளிநோயாளிப் பிரிவு இல்லை. காசநோய் பார்க்க வைத்திருந்த ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் கொரோனா பார்க்கப் போய்விட்டன, ஆட்களும் அதற்கே போனார்கள். அந்த ஆறு லட்சம் பேர் ஊரடங்கில் எங்கே இருந்தார்கள்? வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைகளோடும் பெரியவர்களோடும். காசநோய் பரவுவதற்கு இதைவிட வசதியான சூழ்நிலை கிடையாது. அன்று தொற்றியவர்களில் சிலருக்கு இன்றுதான் நோயாக வெளிப்படும். இதன் வேகமே அப்படி.

2023இல் பதிவானவர்கள் 25 லட்சத்தைத் தாண்டினார்கள். உலகம் முழுக்க அந்த வருடம் காசநோயில் செத்தவர்கள் சுமார் 12.5 லட்சம். ஒரே கிருமியால் அதிகம் பேரைக் கொல்லும் நோய் என்ற இடத்தைக் கொரோனா மூன்று வருடம் வைத்திருந்தது, காசநோய் மறுபடி அங்கே வந்துவிட்டது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர்.

---

வேலூர் டு சென்னை

டாக்டர், ஒரு சந்தேகம். பதிவானவர்கள் எண்ணிக்கை கூடினால் நோய் கூடியது என்று அர்த்தமா, தேடுவது கூடியது என்று அர்த்தமா? 18 லட்சம் ஆனதற்குத் தேடாததுதான் காரணம் என்றால், 25 லட்சம் ஆனதற்கு நன்றாகத் தேடியது காரணமாக இருக்கலாமே. நான் டேட்டா வேலை செய்கிறவன், ஒரே எண்ணை வைத்து இரண்டு கதை சொல்லக் கூடாது என்று படுகிறது.

---

நெஞ்சகப் பிரிவு

சரியான கேள்வி. இரண்டும் கலந்திருக்கிறது. தனியார் மருத்துவர்கள் பதிவு செய்வது கூடியிருக்கிறது, எக்ஸ்ரே வண்டிகள் ஊருக்குள் வருகின்றன. பதிவு கூடுவதை நான் கெட்ட செய்தியாகப் பார்க்கவில்லை. கெட்ட செய்தி வேறு இடத்தில் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்று தெரிந்தது. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42 சதவீதத்துக்கு மேல் எக்ஸ்ரேயில் மட்டுமே சிக்கினார்கள், சொல்லும்படி இருமலே இல்லை. "இரண்டு வாரம் இருமினால் வாருங்கள்" என்று நாம் சுவரில் எழுதுவது அந்த 42 சதவீதத்தைத் தொடாது.

---

டி.பி. களப்பணி

மாவட்டக் காசநோய்த் திட்டத்தில் களப்பணியில் இருக்கிறேன். டாக்டர் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் வீட்டுப்படி ஏறுகிறவர்கள்.

முன்பு ஒரு வீட்டுக்குப் போனால் "டி.பி.யா, ஐயோ" என்ற பயம் மட்டும் இருக்கும். இப்போது முகக்கவசம் போட்டு ஒருவர் வாசலில் நின்றாலே தெரு முழுக்கப் பார்க்கிறது. கொரோனா சமயத்தில் வீட்டில் தகரம் அடித்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் பல பேர், குறிப்பாகக் கல்யாணம் ஆகாத பெண்கள் இருக்கிற வீடுகளில், வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்கிறார்கள். நாங்கள் அப்படியே செய்கிறோம். மாத்திரை நடுவில் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று சாப்பாடு. காசநோய் பசியில் வளர்கிற நோய். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு என்று கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி அல்ல, வெறும் உணவு. கொரோனாவில் வேலை போய், பெரியவர்கள் ஒருவேளை சாப்பாட்டைக் குறைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்த வீடுகள் நம் பக்கம் எத்தனை? அந்தக் கடன் உடம்பில் இப்போது வசூலாகிறது.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. நோய் உறுதியான அன்றே எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறோம். உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 14 அல்லது அதற்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலே, ஆக்சிஜன் 94க்குக் கீழே, இப்படி எது இருந்தாலும் உடனே படுக்கை கொடுக்க ஏற்பாடு. காசநோயில் இறப்பவர்களில் பலர் முதல் இரண்டு மாதத்திலேயே இறக்கிறார்கள். அதனால் முதல் நாள் பார்வை உயிரைக் காக்கும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எடை மெஷின், ஆக்சிமீட்டர், ஒரு கடிகாரம்.

ஊட்டச்சத்துக்கு மாதம் 500 ரூபாய் வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆனது. வங்கிக் கணக்கு சரியாக இல்லாதவர்களுக்குத் தாமதமாகிறது. பீடி சுற்றும் அம்மாவுக்கு அந்தப் பணம் வந்து சேர்ந்ததா?

---

பேரணாம்பட்டு மகள்

வந்தது அண்ணா, தாமதமாகத்தான் வந்தது. முட்டைக்கும் பாலுக்கும் அதைத்தான் வைத்தோம்.

---

ஜல்லி லாரி

கல் உடைக்கும் கிரஷரில் வேலை செய்தவர்கள் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எங்கள் அண்ணன், அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் இருமல். கல் தூசி உள்ளே போனால் நுரையீரல் கல்லாகிவிடும் என்று சொல்வோம். அவர்களுக்கும் டி.பி. மருந்து கொடுக்கிறார்கள், முடிந்து கொஞ்ச நாளில் மறுபடி இருமல்.

---

நெஞ்சகப் பிரிவு

அதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். கல்லில் இருக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து ஆற்ற முடியாத தழும்பை உண்டாக்கும். அந்த நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்று போலத் தெரியலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அண்ணன் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "கிரஷரில் இத்தனை வருடம் வேலை செய்தேன்" என்று தானாகவே சொல்லட்டும். நாங்கள் கேட்க மறந்துவிடுகிறோம். அது எங்கள் தொழிலின் பெரிய குறை. தோல் ஷாப், கிரஷர், பீடி, தறி என்று வேலையைக் கேட்காமல் வேலூர் மாவட்டத்தில் நெஞ்சு நோய் பார்க்கவே கூடாது.

---

ஒடுகத்தூர் அம்மா

பெரியவர்களைப் பற்றியே போகிறது. என் மகனுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்து இரண்டு முறை நிமோனியா என்று அட்மிட். ஒவ்வொரு சளிக்கும் உயிர் போய்வருகிறது. எப்போது ஓட வேண்டும், எப்போது வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

கிராம செவிலியர்

ஒடுகத்தூர் அம்மா, பயப்படாதீர்கள், இதற்கு ஓர் எளிய வழி உண்டு. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50. இரண்டு மாதத்துக்கும் சின்னக் குழந்தைக்கு 60. எண்ணிக்கை தாண்டினால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், எழுப்பினாலும் கண் திறக்காமல் சோர்ந்து கிடந்தால் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பி.சி.வி. என்று மூன்று இடத்தில் தேதி இருக்க வேண்டும்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். நிமோகாக்கஸ் நிமோனியாவுக்கான ஊசி அது. முன்பு தனியாரில் பணம் கொடுத்தால்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2021இலிருந்து அரசு இலவசமாகப் போடுகிறது. கொரோனாவால் நடந்த நல்லது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நெருக்கடியின் நடுவிலும் இந்த ஊசியை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்ததில் எங்களுக்குப் பெருமை உண்டு.

அப்புறம், இரண்டு முறை நிமோனியா வந்திருக்கிறதே, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்கிறதா? தாத்தா பாட்டி? விறகடுப்பா, கேஸா? குழந்தைக்கு அடிக்கடி வந்தால் நாங்கள் முதலில் வீட்டைப் பார்ப்போம்.

---

ஒடுகத்தூர் அம்மா

அட்டையில் மூன்றும் இருக்கிறது. மாமனாருக்கு நாள்பட்ட இருமல் உண்டு, பீடி குடிப்பார், அதனால் என்று விட்டுவிட்டோம். இந்த வாரமே அவரைக் கூட்டிப்போகிறேன். நன்றி அக்கா.

---

பழைய லேப்

ஆய்வகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்த இழையின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். "கூடியிருக்கிறதா, இல்லையா?" இதற்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மாவட்டமாக நாம் ஒரு காலத்தில் இருந்தோம்.

1980களில் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு நடந்தது. சி.எம்.சி.யின் வைரஸ் துறையில் இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் ஏற்படுத்தியது. முறை மிக எளிது. மருத்துவர்களிடம் அச்சடித்த அஞ்சலட்டை இருக்கும். கண்காணிக்க வேண்டிய நோய் ஒன்றைப் பார்த்தால் நிரப்பித் தபாலில் போட வேண்டும். அரசு மருத்துவமனை, மிஷன் ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக் எல்லோரும் எழுதினார்கள். வந்த அட்டைகளைத் தொகுத்து மாதாமாதம் ஒரு செய்தி மடல் திரும்ப அவர்களுக்கே போகும். எந்தப் பக்கம் தட்டம்மை, எந்தப் பக்கம் போலியோ என்று அதில் தெரியும். எழுதிய டாக்டருக்குத் தன் அட்டை வீணாகவில்லை என்று தெரிந்ததால் அடுத்த மாதமும் எழுதினார். அந்தத் திரும்பி வரும் மடல்தான் அதன் உயிர். பின்னால் கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் அதைப் பின்பற்றியது. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரி என்று வந்தது. நம் வட ஆற்காடு!

இன்று அந்த மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்டது. போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனால் போன மாதம் குடியாத்தத்தில் எத்தனை நிமோனியா என்று கேட்டால் அங்கே இருக்கிற மருத்துவருக்கே தெரியாது.

---

வேலூர் டு சென்னை

ஐயா, மதிப்போடு ஒரு மறுப்பு. இப்போது அரசிடம் நோய்க் கண்காணிப்புக்கு ஐ.எச்.ஐ.பி. என்ற இணையத் தளம் இருக்கிறது, துணை சுகாதார நிலையம் வரை தினமும் பதிவு போகிறது. காசநோய்க்கு நிக்ஷய் தனியாக இருக்கிறது. 2012இலிருந்தே தனியார் மருத்துவரும் காசநோயைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டப்படி கட்டாயம். அஞ்சலட்டைக்கு ஏன் திரும்ப வேண்டும்?

---

பழைய லேப்

தம்பி, அட்டைக்குத் திரும்பச் சொல்லவில்லை. தளம் இருக்கட்டும். நான் கேட்பது இரண்டு. ஒன்று, தெருமுனை கிளினிக் அதில் இருக்கிறதா? நம் ஊரில் இருமல்காரர் முதலில் போகும் இடம் அதுதான், அதற்கும் முன்னால் மருந்துக்கடை. இரண்டு, மேலே போன கணக்கு கீழே திரும்பி வருகிறதா? அனுப்புவது மட்டும் வேலையாக இருந்தால் அது வெறும் படிவம். உங்கள் ஒன்றியத்தில் இந்த வாரம் நிமோனியா கூடியிருக்கிறது, ஃபுளூ சுற்றுகிறது, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அந்தக் கிளினிக்குக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தால் அந்த டாக்டரின் சீட்டு மாறும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். சுகர் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. "இருமல் இருக்கிறதா, எடை குறைந்ததா" என்று அதே வீட்டில் அதே நேரத்தில் கேட்டுவிடலாம்.

---

பீஞ்சமந்தைப் பாதை

கீழே இருப்பவர்களுக்குக் கிளினிக்காவது இருக்கிறது. மலையில் எங்கள் பக்கம் சளிக்குப்பியைக் கீழே கொண்டு போகவே ஒரு நாள் வேலை கெடும். ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் சாப்பாடு இல்லை. கையில் தூக்கிவரும் எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது என்று கேள்விப்படுகிறோம். மாதம் ஒருமுறை சந்தை நாளில் அது மேலே வந்தால் போதும். எல்லாக் கணக்கிலும் மலையைக் கடைசியில் சேர்ப்பதை நிறுத்துங்கள்.

---

டி.பி. களப்பணி

நீங்கள் சொல்வது நியாயம். கையடக்க எக்ஸ்ரே முகாம்களில் பயன்படுத்துகிறோம். மலைக் கிராமங்களுக்குச் சந்தை நாள் என்பது நல்ல யோசனை, எங்கள் கூட்டத்தில் வைக்கிறேன். எந்த ஊர், எந்தக் கிழமை என்று தனிச்செய்தியில் எழுதுங்கள்.

---

குடியாத்தம் மெடிக்கல்

எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கடை பற்றிப் பழைய லேப் ஐயா சொன்னதற்குப் பதில் எழுத வேண்டும்.

காசநோய் மருந்து, லீவோஃப்ளாக்சசின் எல்லாம், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணையில் இருக்கிறது. 2014இலிருந்து அதற்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும்: மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு. நாங்கள் எழுதுகிறோம், ஆய்வாளர் வந்து பார்க்கிறார். அந்தப் பதிவேடு ஒழுங்குமுறைக்கு மட்டும் பயன்படுகிறது, நோய்க் கண்காணிப்புக்குப் பயன்படவில்லை. ஒரு வட்டத்தில் எந்த வாரம் ஆன்டிபயாடிக் விற்பனை ஏறியது என்று பார்த்தாலே, பெயர் எதுவும் இல்லாமல், பாதிச் செய்தி கிடைத்துவிடும்.

அசித்ரோமைசின் கேட்டு வருகிறவர்களிடம் நான் இனி ஒன்று சொல்லப்போகிறேன். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கொரோனாவுக்கே அதனால் பலன் இல்லை என்று 2021இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அந்த வாட்ஸாப் சீட்டை அழித்துவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு வருகிறவரிடம் டானிக் கொடுக்காமல் எங்கே சளி சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். வியாபாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஆனால் இதை நான் மட்டும் செய்தால் அவர் பக்கத்துக் கடைக்குப் போவார். வட்டத்தில் இருக்கிற கடைகள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். சங்கத்தில் பேசப்போகிறேன்.

---

காட்பாடி ஜங்ஷன்

எங்கள் தெருக்காரர்களை மூச்சுப் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவது என்று யாராவது சொல்லுங்கள். அறுபது தாண்டிய அம்மாவுக்கு ஃபுளூ ஊசி போடலாமா என்றும் சொல்லுங்கள் டாக்டர்.

---

நெஞ்சகப் பிரிவு

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டுங்கள். பழைய கொரோனா டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய எக்ஸ்ரே, சி.டி. எது இருந்தாலும் எடுத்து வரட்டும். பழைய படம் இருந்தால் தழும்பு கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று ஒப்பிட முடியும். அம்மாவுக்கு ஃபுளூ ஊசி போடலாம், வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால் போட்டால் நல்லது. சுகர், ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் கட்டாயம் யோசியுங்கள். நிமோகாக்கஸ் ஊசி பெரியவர்களுக்கும் உண்டு. பெரியவர்களுக்கு இவை இரண்டும் அரசு அட்டவணையில் இல்லை, வெளியில்தான் வாங்க வேண்டும். ஏழை வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இலவசமாக்க வேண்டும் என்று நான் எழுதாத இடமில்லை.

---

பேரணாம்பட்டு மகள்

கடைசியாக ஒரு கேள்வி, களப்பணி அண்ணாவுக்கு. அம்மாவுக்கு நோய் வந்தபோது எங்களைச் சோதித்தார்கள், யாருக்கும் இல்லை. இப்போது எங்கள் சித்திக்கு டி.பி. என்று வந்திருக்கிறது, அவரும் அதே வீட்டில்தான். வீட்டில் பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருமல் இல்லை. நோய் வராமல் இருக்க மாத்திரை உண்டு என்கிறார்கள். கொடுக்கலாமா?

---

டி.பி. களப்பணி

கொடுக்க வேண்டும் தங்கச்சி. முன்பு ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தோம், இப்போது வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் முதலில் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். போன முறை பார்த்தது போதாது, மறுபடி பார்க்க வேண்டும். சித்திக்கு வந்திருப்பது மருந்து எதிர்ப்பு வகையா என்ற முடிவும் தெரிய வேண்டும், அதைப் பொறுத்து மாத்திரை மாறும். சாதாரண வகை என்றால் வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம் கொடுக்கிற முறை இருக்கிறது, தினமும் ஆறு மாதம் கொடுக்கிற முறையும் இருக்கிறது. எது என்பதை வயதும் எடையும் பார்த்து மருத்துவர் சொல்வார். வார மாத்திரையில் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், மாத்திரையின் நிறம்தான். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேரணாம்பட்டு அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். சித்தியின் சீட்டையும் எல்லோருடைய ஆதாரையும் எடுத்து வாருங்கள். பள்ளியில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை.